பாவநாசம் முதல் புன்னைக்காயல் வரை

(பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பங்கின் வரலாற்றைப் பேச என்னைவிடத் தகுந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்குத் தந்தையவர்கள் இட்ட கட்டளை வேறு. "வாத்தியாரே, ஆற்றோடு நடந்த கதையைச் சொல்லுங்கள்" என்றார்கள். சுருக்கமாகவே சொல்கிறேன். அசன வாசனை எனக்கும் வருகிறது!

2019-ஆம் ஆண்டு மே மாதம், பணி ஓய்வு பெற்ற கையோடு, நானும் தபால் இலாகாவில் இருந்த என் நண்பரும் என் தங்கை மகனுமாக மூவர் புறப்பட்டோம். தாமிரபரணி பிறக்கும் பொதிகை உச்சிக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி வேண்டும். ஆகவே மலையைக் கும்பிட்டுவிட்டு, ஆறு சமவெளியில் இறங்கும் பாவநாசத்தில் எங்கள் நடையைத் தொடங்கினோம். ஆற்றின் முழு நீளம் சுமார் 128 கிலோமீட்டர். மலைப்பகுதி போக மீதியை ஒன்பது நாளில் நடந்தோம். இதற்கென்று பாதை கிடையாது. வாய்க்கால் கரை, வாழைத்தோட்ட வரப்பு, சில இடங்களில் தார்ச்சாலை. மூன்றாம் நாள் சேரன்மகாதேவியில் என் குதிகால் கொப்புளித்துவிட்டது. என் நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷம் தபால் பை சுமந்து நடந்த கால் அது!

நடந்து பார்த்தால்தான் இந்த ஆற்றை நம் முன்னோர் எப்படிப் பங்கிட்டார்கள் என்பது விளங்கும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியான திருவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. தண்ணீரை முழுவதும் மறித்துவிடாமல், வாய்க்காலுக்கு வேண்டியதைத் திருப்பிவிட்டு மீதியைக் கீழே இருப்பவனுக்கு அனுப்பும் ஏற்பாடு. நெல்லையில் 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தடியில் நின்றபோதும் இதே எண்ணம்தான் வந்தது. அக்கரைக்காரனுக்காகவும் அல்லவா அவர் செலவழித்தார்?

பாவநாசத்தில் சடங்கு செய்தவர்கள் ஆற்றில் விட்ட துணிகள் குவியலாகக் கிடந்தன. நாங்கள் மூவரும் முகம் சுளித்தோம். "இப்படியும் செய்வார்களா?" என்று நான் சற்று உரக்கவே சொன்னேன். அந்தப் பேச்சுக்குப் பதில் ஐந்தாம் நாள் கிடைத்தது.

அன்று மாலை நம் ஊர் வந்தோம். வீட்டில் படுத்துறங்கி, விடியற்காலையில் மறுபடி ஆற்றில் இறங்கினோம். நம் படித்துறைக்குக் கீழே சீமைக்கருவேல முள்ளில் ஒரு பதாகை சிக்கியிருந்தது. என் மருமகன் விரித்துப் பார்த்தான். சென்ற ஆண்டு நம் திருவிழாப் பதாகை! சுற்றிலும் அசனத்தின் பிளாஸ்டிக் குவளைகள். கூப்பிடு தூரத்தில் ஆற்று மணலில் ஓர் உறைகிணறு. அடுத்த ஊர் அதைத்தான் குடிக்கிறது. அந்தக் குவளைகளை வாங்கிக்கொடுத்த குழுவில் நானும் ஒருவன். ஆகவே விழாக் குழுவினர் என்மேல் வருத்தப்படக்கூடாது. இன்றைய விருந்துக்கு வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் வந்திருப்பதைப் பார்த்தேன். எச்சில் இலைக்குக் குழி வெட்டியாயிற்றா என்பதை மட்டும் விருந்துக்கு முன்னால் யாராவது பார்த்துவிடுங்கள்.

திருவைகுண்டத்தில் அணைக்கு மேலே ஓரளவு தண்ணீர் நின்றது. கீழே மணலும் அமலைச் செடியும்தான். அதே திருவைகுண்டத்தில் 2023 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்து, செந்தூர் ரயிலில் சுமார் 800 பேர் தவித்தார்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பார்கள். கொடுத்தால் அப்படி, இல்லாவிட்டால் இப்படி!

கொற்கையையும் எட்டிப் பார்த்தோம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. அதன்பின் காயல், அதன்பின் புன்னைக்காயல் என்று துறைமுகம் நகர்ந்தது. ஆண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று உழைத்த புன்னைக்காயலை நம்மவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1586-இல் அவருடைய 'அடியார் வரலாறு' அச்சானதும் அங்கேதான் என்று சொல்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் முகத்துவாரத்தில் நின்று காலை நனைத்தோம். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன், உப்பு. கோடையில் கடல்தான் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. கரையில் வலையோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "எங்கயிருந்து வாறீய?" என்று கேட்டார்கள்.

"பாவநாசத்திலிருந்து, பாட்டி. ஆத்தோடயே நடந்து வாறோம்."

அவர்கள் எங்கள் கால்களைப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "தண்ணி எதுவரைக்கும் உங்க கூட வந்துச்சு?"

"திருவைகுண்டம் வரைக்கும்" என்றேன்.

பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த குடத்தைச் சாய்த்து எங்கள் மூவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அது அவர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த தண்ணீர்.