எழுதுகோல் கடைந்த கதை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு முதலில் அளித்த தலைப்பு வேறு. பத்தாண்டுக் கவிதைகளை மதிப்பிடுமாறு கேட்டிருந்தனர். அப்பணிக்குரியோர் இவ்வவையில் பலர் உளர். ஆகவே, வாயிலில் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தரப்பட்டதே, அந்த மரப் பேனாவைப் பற்றிப் பேச இசைவு கேட்டுப் பெற்றேன். மொத்தம் 42 பேனாக்கள் கடையப்பெற்றன. அவற்றுள் 41 உங்களிடம் உள்ளன. அவற்றைக் கடைந்தவர் என் தந்தையார். எஞ்சிய ஒன்றைக் கடைந்தவள் நான். அஃது என் கைப்பையில் இருக்கிறது. அதனை ஏன் எவர்க்கும் தரவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

தமிழாசிரியை ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பேனா என்பது போர்த்துகீசியர் வழி நமக்கு வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். தனித்தமிழ் அன்பர்கள் படைத்த தூவல் என்னும் சொல்லும் இறகையே குறிக்கும். இவ்விரண்டையும் நோக்க, எழுதுகோல் என்னும் சொல் மரத்துக்கு அருகில் நிற்கிறது. அதில் ஒரு கோல் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அச்சொல்லுக்கு முழுதும் பொருந்திய பொருள் எனலாம்.

அதனினும் எனக்கு நெருங்கிய சொல் ஒன்றுண்டு. அது 'கடைதல்'. தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். அகராதி இம்மூன்று பொருளையும் ஒரே சொல்லின்கீழ்த் தருகிறது. 'கடைந்தெடுத்த' என்னும் அடைமொழியை மட்டும் நாம் ஏனோ அயோக்கியனுக்கே பெரிதும் வழங்கி வருகிறோம்! தயிர் மத்துக்கும் மரக் கடைசலுக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பழைய கடைசல் பட்டறையைக் கண்டவர்க்கு இக்கேள்வி எழாது. மின்விசை வருமுன் கடைசல் உருளையில் ஒரு கயிற்றைச் சுற்றி, மத்தைக் கடைவது போலவே இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுப்பர். கட்டை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் சுழலும். முன்சுற்றில் மட்டுமே உளி சீவும். பின்சுற்றில் உளியைச் சற்றே விலக்கிக் காத்திருக்க வேண்டும்.

நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்தில். அவ்வூர் மரச் செப்புச் சாமான்களை உங்களில் பலர் இளமையில் வைத்து விளையாடியிருப்பீர்கள். என் பாட்டனார் உளி பிடித்தார்; பாட்டியார் கயிறு இழுத்தார். நாள் முழுதும் இழுத்த அக்கைகள் காய்த்துப் போயிருந்தன. எனினும் செப்புச் செய்தவர் என்று ஊர் சொன்னது பாட்டனாரை மட்டுமே. தந்தையார் காலத்தில் மின்விசை வந்தது, கயிறு போயிற்று. ஆயினும் பெண் பிள்ளைகள் உளியைத் தொடும் வழக்கம் வரவில்லை. சுருள் சுருளாக விழும் சீவல்களை அள்ளிச் சாக்கில் நிரப்புவதே என் பங்காக இருந்தது.

இனி நான் சொல்லவிருப்பதை எந்த அவையிலும் சொன்னதில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். ஒருவரும் என்னை அவ்வாறு எழுதச் சொல்லவில்லை. பின்னர்ச் சங்கப் பாடல்களில் தொழில்சார் உவமைகள் என்னும் பொருளில் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தச்சரையும் கொல்லரையும் குயவரையும் பக்கம் பக்கமாகப் போற்றி எழுதினேன். அந்த ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் உண்டு, நூலகர் உண்டு, தட்டச்சு செய்தவரும் உண்டு. 'பெற்றோர்' என்று ஒரு சொல் உண்டு. கடைசல் பட்டறை இல்லை. அதன் கூலியில் படித்தவள் நான்.

சென்ற ஆண்டு, பத்தாம் ஆண்டு நினைவாக உறுப்பினர்க்கு ஏதேனும் வழங்க வேண்டும் என்று நம் குழு கூடிப் பேசியபோது, நானறியாமலே 'மரப் பேனா' என்று சொல்லிவிட்டேன். கடைந்து செய்யும் பேனா நம் நாட்டுக்குப் புதிதன்று. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1930களில் எபோனைட்டைக் கடைந்து சுதேசிப் பேனா செய்தார். அதனைப் பெற்ற காந்தியடிகள் 1935இல் அவருக்குக் கடிதம் எழுதினார். மரத்தில் செய்வது அதனினும் எளிதென்றே எண்ணினேன். பட்டறையில் போய் நின்ற பிறகே உண்மை விளங்கியது.

தந்தையார்க்கு அகவை எழுபத்து மூன்று. ஒரு கண்ணில் புரை நீக்கியிருக்கிறார். "நானும் ஒண்ணு கடையுதேம்ப்பா" என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முந்தானைய இழுத்துச் செருகு. வளையலக் கழட்டு. முடிய நல்லா முடிஞ்சுக்கோ தாயி" என்றார். அவ்வளவே அவர் தந்த இசைவு. நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சுழலும் கட்டையின்முன் துணி தொங்கினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலையின் முறையைச் சொல்கிறேன். ஏறத்தாழ 2 செ.மீ. சதுரமும் 13 செ.மீ. நீளமும் உள்ள கட்டையை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் நெடுகக் கோடிட்டபின் இரண்டாக அறுக்க வேண்டும். பேனாவின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும்போது மரத்தின் ரேகை முறியாமல் ஓட அந்தக் கோடே வழிகாட்டும். பின்னர் இரு துண்டிலும் நெடுக 7 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் குழலைப் பசையிட்டுச் செலுத்துவர். முனைகளைக் குழலின் வாய்க்குச் சரிமட்டமாகச் சீவியபின், துண்டுகளை ஒரு கம்பியில் கோத்துக் கடைசலில் ஏற்றுவர். துண்டுகளின் இருபுறமும் எஃகு வளையங்கள் நிற்கும். மரம் அவ்வளையத்தின் பருமனுக்கு வந்ததும் உளியை எடுத்துவிட வேண்டும். நிறுத்தத் தெரியாதவர் குழல் வெளியே தெரியும்வரை சீவிவிடுவர்.

உளியை நான் இறுகப் பற்றினேன். "அமுக்காத தாயி. மொதல்ல உளியத் தாங்கல்ல வையி, பொறவு கட்டையத் தொடு" என்றார். அழுத்தம் குறையக் குறையச் சீவல் மெலிந்து நீண்டது.

இனி மெருகு. முதலில் 150ஆம் எண் உப்புத்தாள். பின்னர் 240, 320, 400, 600. ஒவ்வோர் எண் முடிந்ததும் கடைசலை நிறுத்தி, ரேகையின் போக்கில் நெடுகத் தேய்த்து, வட்டக் கீறல்களை அழித்த பின்னரே அடுத்த எண்ணுக்குச் செல்லலாம். நான் 240ஐத் தாண்டிச் சென்றேன். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பூச்சு ஏறியதும் ஒவ்வொரு கீறலும் எழுந்து நின்றது. பூச்சு குறையை மறைக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அது காட்டிக் கொடுக்கிறது.

செப்புச் சாமானுக்கு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பற்றும். அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். சன்னபட்டணத்திலும் எட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை மரத்தில் செய்வோர் கைக்கொள்ளும் முறையும் இதுவே. பேனாவுக்கோ நாள்தோறும் விரல் வியர்வை படும். ஆதலின் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய படலங்களாகப் பலமுறை ஏற்றி, இறுதியில் மெழுகிட்டார். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் என்ன என்று கேட்டேன். "திரண்டுபோவும்" என்றார்.

இப்போது என் பேனாவுக்கு வருகிறேன். ஊரில் மழைக்காலத்தில் வெட்டிய பூவரசங்கிளை ஒன்றை விரும்பி எடுத்தேன். "அடுத்த வருசம் கடையலாம், காயட்டும்" என்றார் தந்தையார். எனக்கு விழா நாள் கண்முன் நின்றது. கடைந்தேன், மெருகிட்டேன், அழகாகவே இருந்தது. பதினெட்டாம் நாள் முனை முதல் முனை வரை வெடித்திருந்தது. ஈரமரம் காயும்போது நீளத்தில் பெரிதும் குறைவதில்லை, குறுக்கிலேதான் சுருங்கும். உள்ளே பித்தளைக் குழல் சுருங்க இடந்தராது. மரத்துக்கு வெடிப்பதன்றி வேறு வழியில்லை.

இதனை உங்களுக்குப் பாடமாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் முதல் கவிதைத் தொகுதியை எழுதி முடித்த மாதத்திலேயே அச்சுக்குக் கொடுத்தவள் நான். இவ்வட்டத்தில் அதனைப் படித்தோர் அன்பினால் ஒன்றும் சொல்லாதிருந்தீர்கள். அந்த மௌனத்தின் பொருள் இந்த வெடிப்பைக் கண்டபோது விளங்கியது.

உங்கள் பேனாக்கள் வெடிக்கா. அவை எங்கள் பழைய வீட்டை இடித்தபோது கழற்றிய பலாமர நிலையிலிருந்து செய்தவை. என் பாட்டியார் மாலைதோறும் கைகளுக்கு எண்ணெய் தேய்த்தபடி சாய்ந்திருந்த நிலை அது. இன்று மஞ்சளாகத் தோன்றும் இம்மரம் வெளிச்சம் படப்பட ஆண்டுதோறும் பழுப்பேறும். ஆகவே பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், எழுதுங்கள்.

பேனாவில் தம் பெயரைப் பொறிக்கலாமா என்று தந்தையாரைக் கேட்டேன். "பேரு எதுக்கு? எழுதயில வழுக்காம இருந்தாச் சரி" என்று மறுத்துவிட்டார். அவர் விருப்பத்தை மதித்து இங்கும் பெயரைச் சொல்லவில்லை. அவர் இவ்வரங்கின் பின்வரிசையில், தூணருகே அமர்ந்திருக்கிறார்.

இம்மலருக்காகக் கட்டுரையாளர் குறிப்பு இரண்டு வரியில் வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டிருந்தார். பட்டங்களை எழுதி அனுப்பியிருந்தேன். நேற்றிரவு அதனைத் திரும்பப் பெற்று மாற்றி எழுதினேன். முதல் வரி: 'கடைசல் தொழிலாளியின் மகள்.' இரண்டாம் வரி: 'தமிழ் விரிவுரையாளர்.' அதனை வெடித்த அந்தப் பூவரசம் பேனாவினால்தான் எழுதினேன். வெடித்திருந்தாலும் எழுதுகிறது.