குடும்ப உலாவுக்கு ஒரு பழைய படகு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளுருத்தியில் வாழும் நமக்குக் கும்பளங்கியும் பெரும்படப்பும் அண்டை ஊர்கள். காயலோ வீட்டு முற்றம் போன்றது. விடுமுறை நாளில் மனைவி மக்களோடு அதில் உலாவ, நாலைந்து குடும்பங்கள் கூடிப் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினால் என்ன என்று நம்மவர் சிலர் வினவுகின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும் எத்தகைய படகை வாங்குவது என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்வது ஃபைபர் படகு. அது மரம்போல் உளுக்காது, இரும்புபோல் துருப்பிடிக்காது. ஆகவே முப்பது ஆண்டு கடந்தும் நல்ல தோற்றத்தோடு விலைக்கு வருகின்றது. இடரும் அத்தோற்றத்திலேயே உள்ளது. உள்ளே நேர்ந்த கேட்டை மேற்பூச்சு மறைத்துவிடும். புதுச் சாயத்தைக் கண்டு மயங்கலாகாது.

படகைக் கரையேற்றியே பார்த்தல் வேண்டும். சிறு மரச்சுத்தியால் அடிப்புறம் முழுதும் தட்டுக. கணீரென ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். நீருள் அமிழும் பகுதியில் கொப்புளங்கள் இருப்பின், நீர் உட்புகுந்துள்ளது என்று ஐயுறுக. எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை மிகக் கவனித்துப் பார்க்க வேண்டும். பழைய படகுகளில் அதனுள்ளே பெரும்பாலும் மரமே இருக்கும். ஆணித்துளை வழியே நீர் இறங்கி அம்மரம் மக்கிவிடுவதுண்டு. எஞ்சினைப் பிடித்து அசைக்கும்போது பலகை வளைந்தால், அப்படகு நமக்கு வேண்டாம். மிதிக்கும்போது தளம் அமுங்கினாலும் அவ்வாறே.

இன்னுமொன்று: ஃபைபர் நீரினும் கனமானது. ஆதலால் நீர் நிறைந்தாலும் மூழ்காதவாறு, இருக்கைகளின் அடியில் மிதவை நுரை அடைத்த படகே தக்கது. அடிப்புறம் அகன்றும், விளிம்பு குழந்தைகள் தவறி விழாத உயரத்திலும் இருத்தல் நலம். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து விசிறியைச் சுற்றிக்கொள்ளும். தூக்கி நிறுத்தக்கூடிய வெளிப்புற எஞ்சினாயின் அதனை எளிதில் நீக்கலாம்.

மேல்தளம் கட்டிய படகை நாடாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறம் திரள, ஈரடுக்கு ஃபைபர் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நம் தமிழ்நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். 2023 மே 7 அன்று தானூரில், உலாப் படகாக மாற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. மாண்டவருள் குழந்தைகள் பலர். பாரம் உயர ஏறினும், அளவுக்கு மிஞ்சினும், ஒருபுறம் சாயினும் படகு நிலைகொள்ளாது.

ஆகவே பதிவுச் சான்றும் ஆய்வுச் சான்றும் இல்லாத படகை மலிவென்று வாங்காதீர்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள்; செப்பனிடவும், ஒவ்வொருவர்க்கும் அளவான உயிர்காப்புச் சட்டை வாங்கவும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். குழந்தைக்குப் பெரியவர் சட்டை உதவாது. எத்தனை பேர் ஏறலாம் என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். விருந்தினர் வந்தாலும் அவ்வெண்ணிக்கையை மீறாதீர்கள். இடமில்லை என்று உறவினரிடம் சொல்லத் துணிந்தவரே படகுக்கு உரியவர்.

காயல் நமக்கு மகிழ்ச்சி தரட்டும். சென்றவர் அனைவரும் பொழுது சாயுமுன் வீடு திரும்பட்டும்.