லயனும் கோவிலும் பழைய வரைபடத்தில் இருக்கிறதா?

(கேமரன் மலைத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1885-இல் வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் இந்த மலைக்கு வந்தார். குலோப் ரியாவ் என்பவர் உடன் வந்தார். கேமரன் தான் கண்ட பீடபூமியை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் அந்த இடமே அகப்படவில்லை. இத்தனைக்கும் செமாய் பூர்வகுடி மக்கள் அப்போதே இந்த மலையில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்! 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்த பிறகே அரசாங்கத்தின் பார்வை இங்கே திரும்பியது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு.

நாளை ஒருவர் வந்து, "இந்தக் கோவில் நேற்று முளைத்தது, நீங்கள் அத்துமீறிக் குடியேறியவர்கள்" என்றால் என்ன காட்டுவீர்கள்?

ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி அரசாங்கம் வரைந்த பழைய வரைபடங்கள் உண்டு. மேடு பள்ளம், ஆறு, தோட்டப் பாதை, கட்டடங்கள் எல்லாம் அதில் இருக்கும். 1950 சாட்சியச் சட்டத்தின் 83-ஆம் பிரிவுப்படி, அரசாங்க அதிகாரத்தில் வரையப்பட்ட வரைபடம் சரியானது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். தவறு என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். வரைபடம் பட்டா ஆகாது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அரசு நிலம் சொந்தமாகாது என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. புக்கிட் தம்போய் தெமுவான் மக்கள் 2002-இல் உயர்நீதிமன்றத்திலும் 2005-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அது பூர்வகுடியினரின் மரபுரிமை. நமக்கு அந்த உரிமை கிடையாது. நமக்கு வரைபடம் உதவுவது வேறு விதத்தில்: "நேற்று முளைத்தது" என்ற பொய்யை உடைக்கும், இழப்பீடு, மாற்று இடம் பேசும்போது கையில் ஒரு பிடி இருக்கும்.

வரைபடத்தின் ஓரத்தைப் படியுங்கள். அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. இன்னொன்று, அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது 63 மீட்டர். சின்ன முனீஸ்வரர் கோவில் அதில் விழாமல் போகலாம். அதனால் அது இல்லை என்று அர்த்தமில்லை. அதற்குத்தான் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, திருவிழா ரசீது, பள்ளிப் பதிவு எல்லாம். பழைய தகரப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நில அளவைத் துறையிலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வரைபடம் கேட்கலாம். சிலவற்றில் 'தெர்ஹாட்' முத்திரை இருக்கும், அதற்கு அனுமதி வேண்டும். முதல் வேலையாக நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடலுக்கு மனுப் போட்டு, உங்கள் லயன் நிற்கும் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.