கிராம சபையில் படக்கருவியை இயக்கும் முறை

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமில் எனக்கு முன் பேசியவர்கள் ஊராட்சியின் வருவாய், குடிநீர், சாலை முதலிய பெரிய பொருள்களைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ மிகச் சிறிய பொருள். இதோ இந்த மேசைமீது இருக்கும் கருவியைக் கணினியோடு எப்படி இணைப்பது, எப்படி இயக்குவது, எப்படி அணைப்பது என்பதே அது. புத்தகங்களில் இதனைப் படவீழ்த்தி என்று எழுதுகிறார்கள். ஊரில் யாவரும் புரொஜெக்டர் என்கிறார்கள். நான் படக்கருவி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

"இது கணினி படித்த பிள்ளைகள் பார்க்கவேண்டிய வேலை அல்லவா? உறுப்பினர்களுக்கு எதற்கு?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொன்ன பிறகே கருவியைத் தொடுகிறேன்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி, கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அமர்ந்து பேசும் சபையாகும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டில் நான்கு நாட்கள் கூடிவந்த அச்சபை, 2022-ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருந்தால்தான் சபை நடைபெறலாம். இருநூறு பேர் அமர்ந்திருக்கும் இடத்தில் ஒருவர் நின்று வரவு செலவுக் கணக்கை வேகமாகப் படித்தால், கடைசி வரிசையில் இருப்பவருக்கு என்ன விளங்கும்? எண்கள் காற்றோடு போய்விடும். அதே கணக்கைச் சுவரில் பெரிய எழுத்தில் காட்டினால், "அந்த வாய்க்கால் என் வயலை ஒட்டித்தான் போகிறது, எழுதியிருக்கும் நீளத்துக்கு அங்கே வேலை நடக்கவில்லையே" என்று ஒரு விவசாயி எழுந்து கேட்கமுடியும். கேட்டதற்கு விடை சொல்லவேண்டிய கடமையும் நமக்கு வந்துவிடும்.

நான் பார்வையாளனாகச் சென்றிருந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்லுகிறேன். கருவி இருந்தது, மின்சாரம் இருந்தது, கணினியும் இருந்தது. சுவரில் நீல வெளிச்சம் விழுந்ததே தவிரக் கணக்கு வரவில்லை. இயக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவர் அன்று வரவில்லை. அரைமணி நேரம் ஆளுக்கு ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். களை எடுக்கப் போகவேண்டிய பெண்கள் எழுந்து போனார்கள். எஞ்சியவர்களிடம் கணக்கு படித்ததாகக் கொள்ளப்பட்டது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்டது. கூட்டம் முடிந்தபின் பார்த்தால், கம்பி ஒரு துளையில் செருகப்பட்டிருந்தது. கருவியோ வேறொரு துளையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகியிருக்கும்! அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஊரின் ஓராண்டுக் கணக்கு மறைந்து நின்றது. ஆகவேதான் இதனை உறுப்பினர்களும் அறிந்திருக்கவேண்டும் என்கிறேன்.

இனிக் கருவிக்கு வருவோம். முதலில் இடம். ஆடாத மேசை வேண்டும். சாதாரணக் கருவியைச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி வைத்தால், ஏறத்தாழ 6 முதல் 7 அடி அகலத்துக்குப் படம் விழும். தூரத்தை இரட்டித்தால் படத்தின் அகலமும் உயரமும் இரட்டிக்கும். ஆனால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால் படம் மங்கிவிடும். பெரிய படம் வேண்டும் என்ற ஆசையில் கருவியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் இதனை நினைவில் கொள்ளவேண்டும். அலுவலகங்களில் உள்ள கருவிகள் பெரும்பாலும் 3,000 லூமன் அளவு வெளிச்சம் தருபவை. பகல் வெயிலில், வேப்பமர நிழலில் இவை எடுபடா. பள்ளிக்கூடத்து அறையோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் நல்லது. சன்னல்களில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் போதும். திரை இல்லையே என்று கவலைப்படவேண்டாம். வெள்ளையடித்த சமமான சுவரே நல்ல திரை.

அடுத்தது மின்சாரம். மூன்று முனை பிளக்கை எர்த் உள்ள இணைப்பில்தான் செருகவேண்டும். மூன்றாவது முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் திணிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது உயிருக்கு ஆபத்தானது. நீட்டிப்புக் கம்பியைக் கூட்டத்தின் நடுவே இழுக்காமல் சுவரோரமாகக் கொண்டுபோய் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு குழந்தை கால் தடுக்கினால் கருவியும் குழந்தையும் சேர்ந்து விழும். விளக்குக் கருவி சாதாரணமாக 250 முதல் 350 வாட் வரை மின்சாரம் எடுக்கும். ஆகவே இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

இப்பொழுது இணைப்பு. கருவியின் பின்புறத்தைப் பாருங்கள். பல துளைகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியவை இரண்டே. தட்டையாக, கீழ்மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும் இத்துளைக்கு எச்.டி.எம்.ஐ. என்று பெயர். இது படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுவரும். பெரும்பாலும் நீல நிறத்தில், மூன்று வரிசையில் பதினைந்து சிறு துளைகளோடு, இருபுறமும் திருகு வைத்து இருப்பது வி.ஜி.ஏ. இது 1987-இல் வந்த பழைய முறை. படத்தை மட்டுமே கொண்டுவரும். ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். இதன் ஊசிகள் மெல்லியவை. முளைக்குச்சி அடிப்பதுபோல் அழுத்தாமல், முகம் பார்த்துப் பொருத்தி, திருகை விரலால் முடுக்கவேண்டும். புதிய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் இவ்விரண்டு துளையும் இராது. சி வகை யு.எஸ்.பி. துளை மட்டுமே இருக்கும். அதற்கு ஓர் இடை இணைப்புத் துண்டு வேண்டும். அத்தகைய துளை எல்லாமே படத்தை வெளியே அனுப்பும் என்றும் சொல்லமுடியாது. ஆகையால் எந்தக் கணினியைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோமோ, அதே கணினியோடு முதல் நாள் மாலையே இணைத்துப் பார்த்துவிடவேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

கம்பியை இருபுறமும் செருகியாயிற்று. லென்சின் மூடியை எடுங்கள். பிளக்கின் சுவிட்சைப் போட்டதும் கருவியில் சிவப்போ மஞ்சளோ ஒரு சிறு விளக்கு எரியும். கருவி தூங்குகிறது என்று பொருள். மேலே உள்ள பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விளக்கு மினுக்கும், பிறகு பச்சையோ நீலமோ ஆகும். முழு வெளிச்சம் வர அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகலாம். வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்தவேண்டாம். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தாலும் கவலையில்லை. முக்கியமான பொத்தான்கள் யாவும் கருவியின் மேலேயே உண்டு. லென்சுக்குள் எட்டிப் பார்க்கவேண்டாம், குழந்தைகளையும் பார்க்கவிடவேண்டாம். கண்ணுக்குக் கேடு.

படம் வராமல் 'நோ சிக்னல்' என்று நீலத்திரை வந்தால் என்ன செய்வது? மேலே சொன்ன ஊரில் நின்றுபோனது இந்த இடத்தில்தான். முதலில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்று எழுதிய பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வராவிட்டால் கணினியிடம் போங்கள். விண்டோஸ் கணினியாக இருந்தால், விசைப்பலகையின் கீழ்வரிசையில் சன்னல் படம் போட்ட விசை இருக்கும். அதை அழுத்திக்கொண்டே ஆங்கில 'பி' எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும்: படம் கணினியில் மட்டும், இரண்டிலும் ஒன்றே, இரண்டிலுமாக நீட்டியது, சுவரில் மட்டும். இரண்டாவதான 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இயக்குபவர் காண்பதையே சபையும் காணும். அதுவே கிராம சபைக்கு உகந்தது. இதற்கும் மசியாவிட்டால் கம்பியை இருபுறமும் எடுத்து மறுபடி செருகுங்கள். வேறு கம்பி இருந்தால் மாற்றிப் பாருங்கள். நான் கண்டவரையில் கருவி கெட்டுப்போயிற்று என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால் பிழைத்துக்கொண்டவையே.

படம் மங்கலாக இருந்தால் லென்சைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கலாம். சில நேரம் படம் முறம்போல் ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் விழும். கருவி சுவருக்கு நேராக இல்லாமல் அண்ணாந்தோ சரிந்தோ இருப்பதே காரணம். 'கீஸ்டோன்' என்ற பொத்தானால் இதைத் திருத்தலாம். ஆனால் அதிகம் திருத்தினால் எழுத்தின் கூர்மை குறையும். முதலில் மேசையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மிச்சத்தைப் பொத்தானிடம் விடுங்கள்.

எதைக் காட்டுவது என்பது கருவியைவிடப் பெரிய பொருள். ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் என்ற இணையதளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் அதில் எவரும் பார்க்கலாம். இணையம் கூட்டத்தன்று இழுத்தடிக்கும். ஆகவே வேண்டிய பக்கங்களை முன்னாளே கணினியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் நாற்பது வரிகளை அடைத்துக் காட்டுவதும் காட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். எட்டு வரி போதும். பயனாளிகள் பட்டியலைக் காட்டும்போது ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை நீக்கிவிட்டே காட்டவேண்டும். இயக்குபவருடைய வாட்ஸ்அப் செய்திகள் சுவரில் வந்து விழாமல் அதனையும் மூடிவையுங்கள். மாமியார் வீட்டுச் சங்கதியை ஊர் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. சிரிக்கிறீர்கள், எங்கோ நடந்திருக்கும்போல் இருக்கிறது!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பக்கத்தை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகவும் இக்கருவி உதவும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு மூதாட்டி "முந்தின பக்கத்தைத் திருப்பு அப்பா" என்றால் திருப்பவேண்டும். இயக்கத் தெரிந்தவர் ஒருவரே என்றால் அவர் நிறுத்தும் இடத்தில்தான் கணக்கு நிற்கும். எனவே ஒவ்வோர் ஊராட்சியிலும் செயலாளரைத் தவிர இருவராவது பழகியிருக்கவேண்டும். அவர்களில் ஒருவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும் என்பது என் கருத்து. அக்குழுக்களில் கணக்கெழுதிப் பழகியவர்கள் உண்டு. தயங்காமல் கேட்பவர்களும் உண்டு.

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய காலத்தில், 16 மில்லிமீட்டர் படச்சுருளோடு வண்டி ஊருக்கு வந்து, உரத்தைப் பற்றியும் சுகாதாரத்தைப் பற்றியும் படம் காட்டிவிட்டுப் போகும். காட்டியது அரசு, பார்த்தது ஊர். இன்று ஊர் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

அணைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் யாவரும் கோட்டைவிடுவது இதில்தான். பல கருவிகளில் உள்ளே இருப்பது மிகுந்த அழுத்தத்தில் எரியும் பாதரச ஆவி விளக்கு. பவர் பொத்தானை அழுத்தினால் 'அணைக்கவா?' என்று கேட்கும், மறுபடி அழுத்தவேண்டும். விளக்கு அணைந்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடும். அது நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கவோ, கருவியைப் பைக்குள் வைக்கவோ கூடாது. சூடு உள்ளேயே தங்கினால் விளக்கின் ஆயுள் குறையும். புது விளக்கு வாங்குவது ஊராட்சிக்குச் சிறிய செலவன்று. இடையில் மின்சாரம் நின்று மறுபடி வந்தால், விளக்கு ஆறும்வரை எரிய மறுக்கும். சில நிமிடம் பொறுத்திருங்கள். லேசர், எல்.இ.டி. கருவிகளில் இத்தொல்லை குறைவு. காற்று நுழையும் வழியில் உள்ள வடிகட்டியில் நம் ஊர்ப் புழுதி விரைவில் அடையும். அவ்வப்போது எடுத்துத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். லென்சை மேல்துண்டால் துடைக்கவேண்டாம், கீறல் விழும். மெல்லிய சுத்தமான துணி வேண்டும். விளக்கைக் கழற்றுவதானால் நன்றாக ஆறிய பிறகே கழற்றவேண்டும். பழைய விளக்கை உடைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் அன்று மின்சாரமே இல்லை என்றால்? அதற்காகக் கணக்கைத் தள்ளிவைக்கக் கூடாது. அதே பக்கங்களைப் பெரிய தாளில் எழுதிய படி ஒன்று சுவரில் தொங்கட்டும். பதிவேடும் மேசைமேல் திறந்தே இருக்கட்டும்.

இப்பொழுது நான் கம்பிகளையெல்லாம் கழற்றிவிடப் போகிறேன். முதலில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரும், பின்வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் அம்மாவும் இங்கே வாருங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து இதனை இணைத்து, உங்கள் ஊராட்சியின் கணக்கைச் சுவரில் கொண்டுவாருங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.