நத்தார் இரவுக்கு வேறு சில இசைகள்



மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெரு எங்கும் ஒரே வகைப் பாட்டுத்தான். மணியோசை, பனி, சறுக்குவண்டி, நத்தார் தாத்தா. அவற்றில் குற்றம் காண நான் வரவில்லை. பிள்ளைகள் விரும்புகிறார்கள், அது போதும். ஆனால் எல்லா வீடுகளுக்கும் நத்தார் மகிழ்ச்சியோடு வருவதில்லை. 2004இல் ஆழிப்பேரலை வந்தது நத்தாருக்கு மறுநாள். அந்த நாட்களைக் கண்ணீரோடு நினைவுகூரும் குடும்பங்கள் நமது கரையோரங்களில் இன்றும் உண்டு. அத்தகைய வீட்டில் எந்த இசையைக் கேட்பது? மேலைத்தேய இசையிலிருந்து மூன்று விடைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜேர்மானிய மேதை யோவான் செபஸ்தியான் பாக்கின் 'நத்தார் ஒறற்றோறியோ'. ஆறு பகுதிகள் கொண்ட இப்பெரும் இசைக்கோவை 1734 நத்தார் தினத்தில் தொடங்கி, 1735 தை 6ஆந் திகதி மூவிராசாக்கள் திருநாள் வரை லைப்சிக் நகர ஆலயங்களில் பாடப்பட்டது. பேரிகை முழக்கத்தோடு அது ஆரம்பிக்கிறது. 1733இல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்கென அமைத்த இசையையே பாக் தொழுவத்துப் பாலனுக்கு மாற்றிக் கொடுத்தார்! சற்று நேரத்தில் முழக்கம் அடங்க, பாலனை வரவேற்கும் அமைதியான பாடல் ஒன்று வருகிறது. அதன் மெட்டோ, பாக் தமது 'மத்தேயுவின்படி பாடுகள்' என்ற படைப்பில் திரும்பத் திரும்பக் கையாண்ட பெரிய வெள்ளி மெட்டு. இதை அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் கேட்பவர் நெஞ்சில் தொட்டிலும் சிலுவையும் ஒருங்கே வந்து நிற்கின்றன. இறுதியில் அதே மெட்டு எக்காளங்களோடு வெற்றிப் பாடலாகத் திரும்புகிறது.

இரண்டாவது, பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியன் 1944இல் இயற்றிய 'பாலன் இயேசுமீது இருபது பார்வைகள்'. தனிப் பியானோவுக்குரியது, முழுவதும் கேட்க இரண்டு மணி நேரம் வேண்டும். மெசியன் ஜேர்மன் முகாமொன்றில் யுத்தக் கைதியாக இருந்து மீண்டவர். பாரிஸ் அந்நியப் பிடியிலிருந்து விடுபட்ட ஆண்டில் இதை எழுதினார். பிதாவும் தாயும் மட்டுமல்ல, விண்மீனும் மௌனமும் சிலுவையுங்கூட இங்கே பாலனை நோக்குகின்றன. விண்மீனின் பார்வைக்கும் சிலுவையின் பார்வைக்கும் ஒரே மெட்டு. பாக்கிடம் எழும் ஐயத்துக்கு இங்கே இடமில்லை. அம்மெட்டுக்கு மெசியன் இட்ட பெயரே 'விண்மீனும் சிலுவையும்'. இவ்வோசை செவிக்குப் பழக நாளாகும். மிக மெதுவாக நகரும் முதற் பகுதியை மட்டும் ஓர் இரவு, விளக்கைத் தணித்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது மிகச் சிறியது. 1818இல் ஒஸ்ரியக் கிராமமொன்றில் கிற்றார் துணையோடு முதன்முதல் பாடப்பட்ட 'சைலன்ட் நைற்' பாடலை அறியாதார் யார்? அமெரிக்கப் பாடகர்களான சைமனும் கார்ஃபங்கலும் 1966இல் அதை வெகு மென்மையாகப் பாடி, அதன்மேல் அன்றைய வானொலிச் செய்திகளைப் படரவிட்டார்கள். வியட்நாம் யுத்தம், மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலம், தாதி மாணவியர் கொலை. செய்தி வாசிப்பவரின் குரல் வரவர ஓங்குகிறது. பாடகர்களோ குரலை உயர்த்தவில்லை, பாட்டை நிறுத்தவுமில்லை. இரண்டில் எதைக் கேட்பது என்று நமது செவிதான் தவிக்கிறது.

பண்டிகை நாளில் ஏன் இந்தத் துயரம் என்று கேட்பீர்கள். நேயர்களே, நத்தார்க் கதையை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். தங்க இடமில்லாத ஒரு தாய், குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட அரசன், இரவோடிரவாக அந்நிய நாட்டுக்கு ஓடிய குடும்பம். இவர்களை நாம் அறியாதவர்களா? கடைத்தெருப் பாட்டு இவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. நான் சொன்ன மூன்றும் இவர்களுக்குக் கதவு திறப்பவை. துயரத்தை மறைக்காமலே மகிழ்ச்சியைப் பாடலாம் என்பதற்கு அவை சாட்சி.

இம்முறை நத்தார் இரவில், விருந்தும் வெடியும் ஓய்ந்த பின், இவற்றில் ஒன்றையாவது கேளுங்கள். உங்கள் அயலில் துக்கம் உள்ள வீடு இருந்தால், அவர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள்.