வீடு மாறுமுன் சிந்திப்போம்

 

குடும்பத்தோடு தலைநகருக்குக் குடிபெயரும் சகோதரர்கள் பலர், மருதானை, கொம்பனித்தெரு போன்ற நகர்ப்பகுதிகளில் தங்குவதா, மாபோலை, கொலன்னாவை போன்ற புறநகர்களில் குடியேறுவதா எனத் தடுமாறுகின்றனர்.

நகரில் வாடகை அதிகம், அறைகளோ சிறியவை. ஆயினும், பிள்ளைகள் விழித்திருக்கும்போதே தந்தை வீடு சேரலாம். புறநகரில் முற்றத்தோடு வீடு கிடைக்கலாம். ஆனால், மிச்சப்படும் வாடகையைப் பஸ் கட்டணத்தோடும், வீதி நெரிசலில் பிள்ளைகள் இழக்கும் தந்தையின் நேரத்தோடும் நிறுத்துப் பாருங்கள்.

நிலத்தையும் விசாரியுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. வீட்டுச் சொந்தக்காரரை மாத்திரமன்றி அயலவரையும் கேளுங்கள்.

அரசாங்கப் பாடசாலைகளின் முதலாம் தர அனுமதியில், வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் பதிவாகியிருந்த ஆண்டுகளுக்கும் புள்ளிகள் உண்டு. எனவே, பிள்ளைக்கு ஐந்து வயதானபின் வீடு தேடுவது காலந்தாழ்ந்ததாகும்.

பள்ளிவாசல் தொலைவென வருந்துவோரே! மதீனாவின் ஓரத்தில் வாழ்ந்த பனூ ஸலிமா கோத்திரத்தார் மஸ்ஜிதுக்கு அருகே குடிபெயர நாடியபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்கள் நடந்துவரும் காலடிகள் நன்மையாகப் பதியப்படும் என்றார்கள். ஆகவே, தூரம் மட்டுமே குறையாகிவிடாது.

மனைவியோடு கலந்தாலோசியுங்கள். மழை நாளில் ஒரு முறையும் மாலை நெரிசலில் ஒரு முறையும் அவ்விடம் சென்று பாருங்கள். அயலவரை முதலில் அறியுங்கள். வீட்டைப் பின்னர் தெரிவுசெய்யுங்கள்.