கன்னி எலி கட்டிய கூடு

தாய்மையைப் பற்றிப் பேச மேடையேறினால் முதலில் கும்பிட வேண்டும், அடுத்துக் கண்கலங்க வேண்டும் என்றொரு வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நான் முதலில் ஓர் எலியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே ரோசன்பிளாட் என்ற அறிஞர் 1967-இல் வெளியிட்ட ஆய்வு அது. கருவுறாத, ஈனாத, ஆணோடு சேராத ஓர் எலி. அதன் கூண்டில் பிறந்து சில நாளே ஆன குட்டிகளை வைத்தார்கள். அதற்குப் பால் இல்லை. ஆகவே குட்டிகள் பசியில் வாடாமல் நாள்தோறும் மாற்றி மாற்றி வைத்தார்கள். முதல் நாள் அது மூலைக்கு ஓடியது. அந்தக் குட்டிகளின் வாடையே அதற்கு ஆகவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், அதே கதை. ஐந்தாறு நாள் கழிந்தது. அந்த எலி குட்டியை வாயில் கவ்வி எடுத்து வந்தது, கூடு கட்டியது, குட்டிகளை நக்கியது, பாலில்லாத மடியோடு அவற்றின் மேல் கவிந்து படுத்தது! சினைப்பையை நீக்கிய எலிகளிலும் இதையே பார்த்தார்கள். பிட்யூட்டரிச் சுரப்பியை நீக்கிய எலிகளிலும் பார்த்தார்கள். ஆண் எலிகளிலும் பார்த்தார்கள். பெயரில்லாத அந்தக் கன்னி எலியை இன்று மாலை நான் விடப்போவதில்லை. ஏனென்றால் ஒரு பெண்ணைப் பார்த்து 'மலடி' என்று சொல்ல நம் மொழியில் ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். பெறாதவளுக்குப் பிள்ளையின் அருமை தெரியாது என்று மங்கல காரியத்தில் அவளை ஒதுக்கி நிறுத்துகிறோம். அந்தச் சொல்லை இன்னும் மேடையில் உச்சரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அந்த எலி 1967-லேயே பதில் சொல்லிவிட்டது.

அப்படியானால் கருவுற்றதற்கும் ஈன்றதற்கும் பொருளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. கன்னி எலிக்கு ஐந்தாறு நாள் பிடித்ததே, ஈன்ற எலிக்கு அது உடனே வருகிறது. ஏன் வருகிறது? அப்போதுதான் ஈன்ற எலியின் இரத்தம் ஒரு கன்னி எலியின் உடலுக்குள் தொடர்ந்து பாயும்படி இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள் டெர்க்கெல் என்ற ஆய்வாளரும் ரோசன்பிளாட்டும். 1972-இல் வந்த ஆய்வு. கன்னி எலி ஒரே நாளுக்குள் தாயாக நடந்துகொண்டது. நாள் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கியது. கர்ப்பத்தின் கடைசியில் இரத்தத்தில் ஓடும் சுரப்புகள் மாறுகின்றன: புரோஜெஸ்ட்டிரோன் இறங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, புரோலாக்டினும் ஆக்சிடோசினும் வந்து சேர்கின்றன. மூளையின் அடித்தளத்தில், ஹைப்போதலாமஸின் முன்புறத்தில் ஒரு சிறு பகுதி விழித்துக்கொள்கிறது. எலியில் அந்தப் பகுதியைச் சிதைத்தால் ஈன்ற தாயும் குட்டியைத் திரும்பிப் பார்க்காது. ஆக, கர்ப்பம் செய்கிற வேலை இதுதான்: ஏற்கெனவே உள்ளே இருக்கிற கதவை அது சட்டென்று திறக்கிறது. கன்னி எலி அதே கதவை ஆறு நாள் தட்டித் திறந்தது. கதவு இரண்டு உடலிலும் இருக்கிறது என்பதுதான் என் வாதம். அதை மறந்துவிடாதீர்கள்.

திறந்த கதவு யாருக்காகத் திறக்கிறது என்று கேட்டால் ஆட்டைப் பாருங்கள். செம்மறியாடு குட்டி போட்ட சிறிது நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையைக் கற்றுக்கொள்கிறது. கற்றபின் வேற்றுக் குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளுகிறது. அந்த நேரத்தை எது தொடங்கி வைக்கிறது? கேம்பிரிட்ஜில் கெவர்னும் அவர் குழுவினரும் 1983-இல் காட்டினார்கள்: குட்டி வெளிவரும்போது பிறப்புப் பாதை விரிகிறதே, அந்த விரிவுதான். அதே தூண்டுதலை மீண்டும் கொடுத்தபோது, தன் குட்டியோடு ஏற்கெனவே ஒட்டிவிட்ட ஆடுகூட அயல் குட்டியை ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குத்தான் புதிது. கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்த நம் ஊர்க் கறவைக்காரருக்கு, முகர்ந்து நக்கினால் மடி சுரக்கும் என்பது தெரியும். அப்படி மடியைச் சுரக்க வைக்கிற ஆக்சிடோசினின் பெயர் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சிறு பொருளின் அமைப்பைக் கண்டு, ஆய்வுக்கூடத்திலேயே அதை உருவாக்கியும் காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஒன்பது அமிலத்தைப் பிடித்துக்கொண்டு இன்றைக்குச் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். பாசம் என்பது வெறும் சுரப்பு, ஊசி போட்டால் வந்துவிடும் என்கிறார்கள். இன்னொரு பக்கத்தில், தாய்ப்பாசம் பிறவியிலேயே பெண்ணின் இரத்தத்தில் ஊறியது, எதுவும் கற்றுத்தர வேண்டாம் என்கிறார்கள். இரு தரப்பாரும் ஒன்று விடாமல் கேட்க வேண்டிய கதை இது. விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தார். கம்பியில் செய்த ஒரு பொம்மைத் தாய், அதில் பால்புட்டி; துணி சுற்றிய இன்னொரு பொம்மைத் தாய், அதில் பால் இல்லை. குட்டி பாலுக்கு மட்டும் கம்பியிடம் போனது. மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தது. 1958-இல் உலகம் இதைக் கேட்டது. பலரும் இத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தக் குட்டிகள் வளர்ந்தன. தாய்முகம் பாராமல் வளர்ந்த பெண்குரங்குகள் தாங்களும் குட்டி போட்டன. கர்ப்பம் இருந்தது, பேறு இருந்தது, சுரப்புகள் அத்தனையும் இருந்தன. பாசம் வந்ததா? பல குரங்குகள் தலைக்குட்டியைத் தொடவே இல்லை. சில அதை அடித்தன, கடித்தன. கொடுமையான சோதனை அது. இன்று அப்படி ஒன்றைச் செய்ய எவரும் இசையக் கூடாது. ஆனால் அந்தக் குரங்குகள் பட்ட பாட்டிலிருந்து நமக்குக் கிடைத்த உண்மையை வீணாக்கவும் கூடாது. எலியிடம் ஈற்று இல்லாமலே தாய்மை வந்தது. இந்தக் குரங்கிடம் ஈன்றும் வரவில்லை. அதே குரங்குகளில் பல இரண்டாவது குட்டியிடம் மேலாக நடந்துகொண்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலைக்குட்டி விடாமல் ஒட்டி ஒட்டி அவற்றுக்கு எதையோ கற்றுக்கொடுத்திருந்தது.

எலியும் குரங்கும் மனிதர் ஆகுமா என்பது நியாயமான கேள்வி. எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றக் கூடாது. நமக்கு மொழி இருக்கிறது, நினைவு இருக்கிறது, ஊர் இருக்கிறது. அதனால் மனிதரிடமே கண்டதைச் சொல்கிறேன். இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் இல்லாத வீட்டில் குழந்தையை முதற்பொறுப்பேற்று வளர்க்கிற தந்தையரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். குழந்தையைக் கண்டதும் கிளர்கிற அமிக்டலா என்ற மூளைப் பகுதி, தாய்மாரிடம் போலவே அவர்களிடமும் கிளர்ந்தது. பாலூட்டிகளில் தந்தை பிள்ளை வளர்ப்பது நூற்றுக்குப் பத்து இனத்திலும் இல்லையே என்று வாதிடுவோர் உண்டு. கணக்கு சரி. ஆனால் அந்தச் சிலவற்றில் மார்மோசெட் குரங்கின் தந்தை குட்டிகளை முதுகில் சுமந்தே திரிகிறது. மேலும், கூண்டில் குட்டியோடு நாள்கணக்கில் இருக்க விட்டபோது ஆண் எலியும் கூடு கட்டியது என்றேனே! காட்டில் அதற்கு வாய்ப்பு நேர்வதில்லை; உள்ளே கதவு இருந்தது. பெண்களுக்குள்ளும் பாருங்கள்: ராஜஸ்தானின் அபு மலையில் சாரா ஹர்டி ஆராய்ந்த அனுமன் மந்திகள் ஒரு குட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொள்கின்றன. தாய் அந்த நேரத்தில் நிம்மதியாக மேய்கிறது. மனிதப் பிள்ளை அதைவிடப் பல மடங்கு காலம் பிறர் கையை நம்பி வளர்வது. ஒரு தாய் தனியாக வளர்க்கும்படி அது அமையவில்லை என்று ஹர்டி வாதிட்டார். நான் அதை ஏற்கிறேன்.

இதைச் சொன்னால் தாயின் பெருமையைக் குறைப்பதாகக் கோபிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதிலைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். கர்ப்பம் ஒரு பெண்ணின் மூளையில் சாம்பல்நிறப் பகுதியின் அளவையே மாற்றுகிறது, பேற்றுக்குப் பின் இரண்டு ஆண்டு கழித்தும் அந்த மாற்றம் தெரிகிறது என்று ஸ்பெயினில் 2017-இல் கண்டார்கள். மூளையையே மாற்றியமைத்துக்கொண்டு ஒருத்தி பிள்ளை வளர்க்கிறாள். அவளைத் தெய்வம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறவரா அவளுக்குப் பெருமை சேர்ப்பவர்? வளரும் நாடுகளில் பேற்றுக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பகுதி மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைக் கையில் வாங்கியதும் பாசம் பொங்கவில்லையே, நான் பேயா என்று இருட்டில் அழுகிற பெண் அந்த ஐவரில் ஒருத்தி. தாய்மை தானாகப் பொங்கும் என்று முழங்குகிறவர்களின் சொல் அவளைத்தான் குத்துகிறது. தொடுவதும் முகர்வதும் நாளும் உடனிருப்பதும் சேர்ந்துதான் பாசத்தை வளர்க்கும் என்று மருத்துவமனையில் அவளிடம் யாராவது சொல்லியிருந்தால், அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

கடைசியாக ஒன்று. 2017-இல் திருத்தப்பட்ட நம் நாட்டு மகப்பேறு பலன் சட்டம், பெற்ற தாய்க்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்புத் தந்தது. வரவேற்கிறேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 12 வாரம் என்றது. மூன்று மாதத்தைத் தாண்டிய குழந்தையைத் தத்தெடுக்கிறவளுக்கு அந்தத் திருத்தம் எதையும் எழுதவில்லை. தந்தைக்கு ஒரு நாளும் எழுதவில்லை. கர்ப்பம் கதவைத் திறந்துவைத்தவளுக்கே 26 வாரம் தேவை என்று ஒப்புக்கொண்ட சட்டம், வெறும் கையால் தட்டித் திறக்க வேண்டியவர்களுக்கு ஏன் நாள் ஒதுக்கவில்லை? இந்த மன்றம் இன்றைக்கு ஒரு தீர்மானம் போடுவதாக இருந்தால், தத்தெடுத்த தாய்க்குக் குழந்தையின் வயதைப் பார்க்காமல் விடுப்பு, தந்தைக்கு விடுப்பு, இரண்டையும் எழுதுங்கள். கையெழுத்திட முதல் ஆளாக நான் வருகிறேன். அந்தக் கன்னி எலிக்கே ஆய்வுக்கூடத்தில் ஆறு நாள் கொடுத்தார்கள்.